சந்தனம் பூசிய ஈயக்கல்

ஆரல்வாய்மொழிச் சாவடியில் எங்கள் பஸ்ஸை நிறுத்தி அரிசி தேடினார்கள். கூரைமேல் இருந்த மூட்டைகளை இறக்கிப் பிரித்தார்கள். இருக்கைகளுக்கு அடியில் கோலை விட்டுத் துழாவினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணையும் இறங்கச் சொன்னார்கள். சாவடியில் அதற்கென்றே இருந்த ஒரு மூதாட்டி அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளதான், பிள்ளதான்" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தாள். அதன் பிறகே அந்தப் பெண்ணை ஏறவிட்டார்கள்.

நான் திகைத்துப்போய் நடத்துநரைப் பார்த்தேன். அவருக்கு இது தினப்படி வேலை.

"போன வாரம் ஒருத்திக்கு இங்கன வச்சே ரெண்டு மரக்கால் அரிசி பிறந்துட்டுல்லா" என்றார்.

கர்ப்பிணிப் பெண்ணே சிரித்தாள். அந்த ஆண்டு அரிசிக்குக் கட்டுப்பாடு. சென்னை ராஜ்யத்திலிருந்து திருவிதாங்கூர்-கொச்சிக்குள் ஒரு பிடி அரிசிகூடத் திருட்டுத்தனமாக நுழையக் கூடாது என்று கணவாயில் காவல் போட்டிருந்தார்கள். கொழும்பில் எங்களுக்கும் கூப்பன் அரிசிதான். ஆனால் அரிசிக்காக வயிற்றைத் தட்டியதை அதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது என் பை. அரிசி கிடைக்காத காவலர், ஒரு சின்னத் தகர டப்பாவைத் திறந்தார். பஞ்சுக்குள் பளபளப்பான சாம்பல் நிறக் கல் ஒன்று இருந்தது. அதை எடுக்க விரலை நீட்டினார்.

"கை வையாதேங்கோ!" என்று கத்திவிட்டேன்.

"ஏன்வே, கடிக்குமோ?"

"விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும். பிறகு வேலை செய்யாது. இது ரேடியோக் கல்."

"ரேடியோவா?"

"ஓம்."

"ஓமா? என்னவே, பூசாரியா நீரு?"

பஸ் முழுக்கச் சிரித்தது. யாழ்ப்பாணத்தில் 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம் என்று விளக்குவதற்குள் அவர் டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டார். பிறகு பஸ் கிளம்ப மறுத்தது. கணவாய்க் காற்றில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் எல்லோரும் தள்ளினோம். இறங்காமல் இருந்தவள் அந்தக் கர்ப்பிணிப் பெண் மட்டும். "நல்லா தள்ளுங்க அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள பெத்துரப் போறேன்" என்று ஜன்னல் வழியாக உற்சாகப்படுத்தினாள்.

அந்தக் கல்லுக்காகத்தான் இந்தப் பயணம். மின்சாரமும் பாட்டரியும் இல்லாமல் பாடும் ரேடியோ ஒன்று உண்டு. மரத்தின் உச்சியில் கட்டிய நீளக் கம்பி, ஒரு செம்புச் சுருள், காதில் மாட்டும் கருவி, நடுவில் பயறளவு ஒரு கல். இவ்வளவுதான் அதற்கு வேண்டும். கல்லின்மேல் ஒரு மெல்லிய கம்பியின் முனையை வைத்துத் தேடினால் ஏதோ ஒரு புள்ளியில் குரல் பிடிபடும். ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடிய ரேடியோ அது. கல் மட்டும் கப்பலில் வரவேண்டும். அந்தக் கல்லையும் உள்நாட்டிலேயே செய்வதற்கு இந்திய அரசு மானியம் கொடுத்து, நாகர்கோவில் பக்கம் ஒரு கூட்டுறவுத் தொழிற்கூடம் நடக்கிறது என்று செய்தி வந்தது. எங்கள் மந்திரி ஒருவரும் இலங்கையில் இதைப் போலச் செய்வோம் என்று மேடையில் பேசிவிட்டார். "போய் உள்ளதைப் பார்த்து எழுது" என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் அனுப்பினார். ஒப்பிட்டுப் பார்க்க, கொழும்புப் புறக்கோட்டைக் கடையில் சீமைக் கல் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நாகர்கோவில் ஓட்டல் ஒன்றில் புட்டு சாப்பிட்டேன். எங்கள் ஊரிலும் காலையில் பிட்டுதான். நாங்கள் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுவோம். இங்கே அவித்த பயறு, அதன்மேல் மட்டி என்ற சின்ன வாழைப்பழம், அதன்மேல் ஒரு பப்படம். பக்கத்து மேசைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக நொறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தார். நான் பழத்தைத் தனியே எடுத்து வைப்பதைப் பார்த்த பரிமாறுபவர் பொறுக்கமாட்டாமல், "பிசையும் சார். பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நிறையுமா?" என்றார். பிசைந்தேன். இத்தனை காலம் தனித்தனியாகச் சாப்பிட்டதற்கு வருந்தினேன்.

தொழிற்கூடம் ஊருக்கு மேற்கே, சாலையை ஒட்டி இருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கருங்கல் வளைவு. அடுத்து இரும்புக் கேட். அதற்குப் பின்னால் கல்யாண மண்டபம் போல உயர்ந்த கட்டடம், சுவரில் திறப்புவிழாக் கல்வெட்டு, ஒவ்வோர் அறையிலும் மின்விளக்கு. உள்ளே போனேன். ஒரு மேசை இல்லை, ஒரு மனிதர் இல்லை. விளக்குகளுக்கு மின்சார இணைப்பும் இல்லை. பெரிய கூடத்தில் யாரோ மரச்சீனிக் கிழங்கைச் சீவி உலர்த்தியிருந்தார்கள். நாங்கள் மரவள்ளி என்று சொல்லும் கிழங்குதான் அது.

"தொழில் பின்னால நடக்கு" என்று ஒரு குரல் கேட்டது. வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக வந்தவர் சங்கத்தின் செயலாளர் பகவதிப்பெருமாள் பிள்ளை. பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர். இதற்காக வேலையை விட்டு வந்திருந்தார். எல்லோரும் அவரைச் சார் என்றே கூப்பிட்டார்கள்.

"முதல் தவணை மானியம் கட்டடத்துக்கு மட்டும்தான்னு உத்தரவு. ஈயம் வாங்கணும்னு எழுதிக் கேட்டேன். கட்டடம் முடிஞ்ச பொறவு கேளும்னு பதில் வந்துது. கட்டடத்த முடிச்சோம். இனி ரெண்டாம் தவணை வரணும்."

"அதுவரை ஈயத்துக்கு என்ன செய்கிறீர்கள்?"

அவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஓலைப் பந்தல் ஒன்றின் கீழ் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மடியில் எதையோ அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள்! கடற்கரை ஊர்களில் வலை கிழிந்து ஒதுக்கிய பிறகு மிஞ்சும் குண்டுகளைக் கேட்டு வாங்கி வருகிறார்களாம். ஒரு தேசத்தின் ரேடியோத் தொழில் கிழிந்த வலைகளை நம்பி நடக்கிறது என்று எழுதினால் எங்கள் ஆசிரியர் நம்பமாட்டார். நான் பார்த்தது அதுதான்.

ராவிய ஈயத்தூளோடு கந்தகத்தைக் கலந்து, மண் கலயத்தில் அடைத்து, தேங்காய்ச் சிரட்டைத் தீயில் வைக்கிறார்கள். கந்தகம் வெடி செய்கிறவர்களிடமிருந்து வருகிறது. கலயம் சூடேறியதும் உள்ளே குப்பென்று ஒரு சத்தம். கண்ணைப் பிடுங்கும் நாற்றம். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி ஓடி, ஓடிய இடத்திலேயே நின்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகமூடியோ கையுறையோ எதுவும் இல்லை. ஆறிய பிறகு கலயத்தை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மின்னும் கட்டி. அதைச் சின்னச் சின்னதாகத் தட்டி, ஒவ்வொன்றிலும் கம்பி முனையை வைத்துக் கேட்டுப் பார்க்கிறார்கள். குரல் பிடிக்கும் துண்டு பஞ்சுக்குள் போகிறது. ஊமைத் துண்டு திரும்பவும் கலயத்துக்குப் போகிறது. அவர்கள் இதை ஈயக்கல் என்கிறார்கள்.

கேட்டுப் பார்க்கும் வேலைக்குத் தலைவி ஞானசெல்வம். நாற்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சேலை, நேரான பார்வை. அதற்கு முன்பு மிஷனின் லேஸ் பின்னும் அறையில் மேற்பார்வை செய்தவர்; பெண்கள் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். இங்கிருந்த பெண்களில் பாதிப்பேர் அவர் பின்னால் அங்கிருந்து வந்தவர்கள். மீதிப்பேர் அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்ந்தவர்கள். கல்லை யாரும் விரலால் தொடவில்லை. எல்லாம் சிறு இடுக்கியால்தான். பந்தலுக்குள் வருவதற்கு முன் சீயக்காய்த் தூளால் கை கழுவ வேண்டும். எனக்கும் கழுவக் கொடுத்தார்கள்.

"லேஸ்ல அழுக்குப் பட்டா வெள்ளைக்காரம்மா திருப்பி எறிவா. கல்லுல பட்டா அதுவே வாயடைச்சுரும். பழகின கைதான்" என்றார் ஞானசெல்வம்.

என் சீமைக் கல்லைக் காட்டினேன். இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, டப்பாவில் அதே மடிப்பில் வைத்துத் திருப்பித் தந்தார். "நல்ல கல்லு" என்றார்.

இரண்டாம் தவணை எதைப் பொறுத்தது என்று கேட்டேன். சரஸ்வதி பூஜை கழிந்து டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருவார். இங்கே செய்த கல்லில் குரல் வருகிறதா என்று தன் காதாலேயே கேட்பார். குரல் கேட்டால் ஈயத்துக்கும் கூலிக்கும் மானியம், கேட்காவிட்டால் கூடத்தை மூடவேண்டியதுதான் என்றார் பிள்ளை.

"மூடினால் இவர்களுக்கு?" என்று கேட்டேன்.

"லேஸ் அறையில எங்க இடத்துல வேற ஆள் வச்சாச்சு" என்றார் ஞானசெல்வம். "நான்தான் கூட்டிட்டு வந்தேன். போய்க் கதவத் தட்டினாலும் தெறக்கமாட்டாங்க. இந்தா, இந்தச் செண்பகம் வீட்டுல அடுப்பு எரியுததே இவ கூலியிலதான்."

செண்பகம் என்பவள் கலயத்தின் பக்கத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "எரியுதது அடுப்பு மட்டுமில்ல டீச்சர், கண்ணும்தான்" என்றாள்.

மூன்றாம் நாள் மதியமே கூடத்தை அடைத்தார்கள். மாலையில் சரஸ்வதிக்குப் பூஜை வைக்கிறார்கள். இந்த ஊர் வழக்கப்படி பூஜையில் வைத்த ஏட்டையும் ஆயுதத்தையும் விஜயதசமிக் காலை வரை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கமாட்டார்கள், கொல்லர் சுத்தியலை எடுக்கமாட்டார். எங்கள் ஊரில் ஆயுதபூசை உண்டு. இவ்வளவு கண்டிப்பு கிடையாது. "நாளைக்கு அவல் சாப்பிட வாங்க சார்" என்று செண்பகம் அழைத்தாள். அன்று பொழுது மிச்சமிருந்ததால் நான் கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறினேன்.

வழியில் இறங்கி வட்டக்கோட்டையைப் பார்த்தேன். கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு நிற்கும் கருங்கல் கோட்டை. உள்ளே ஆடு மேய்ந்தது. ராத்திரிச் சாப்பாடு, கன்னியாகுமரி விடுதியில் மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும். சோறு கேட்டதற்கு, "சோறா? அதப் பாக்கணும்னா கோயிலுக்குப் போங்க" என்றார் விடுதிக்காரர்.

விடியலில் முனையில் நல்ல கூட்டம். எல்லோரும் கிழக்கே பார்த்து நின்றோம். மேகம் மூடியிருந்தது. சூரியன் எப்போது எழுந்தான் என்றே தெரியாமல் வெளிச்சம் வந்துவிட்டது. என் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வடநாட்டுக்காரர், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நின்றார். கடலைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "இதற்காக இந்தியாவின் மறுகோடியிலிருந்து வந்தேன். மேகம்!" அவர் மனைவி, "நாளைக்கும் இருக்கலாமே" என்றார். "நாளைக்கும் மேகம்தான் இருக்கும். இன்றைக்கே வேலையை முடித்துவிட்டு மதுரைக்குப் போய்விடலாம்" என்றார் அவர். பாவம், இவ்வளவு தூரம் வந்து ஏமாந்தாரே என்று எண்ணிக்கொண்டேன். அவர் வேலை என்ன என்று எனக்குத் தோன்றவில்லை.

மதியத்தில் அவல் சாப்பிடத் தொழிற்கூடத்துக்குப் போனேன். பந்தலைச் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். சுவரோரம் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் வாழையிலையில் அரம், இடுக்கி, சுத்தியல், செம்புச் சுருள், காதுக் கருவி. எல்லாவற்றிலும் குங்குமப் பொட்டு. ஞானசெல்வமும் மற்றக் கிறிஸ்தவப் பெண்களும் வந்திருந்தார்கள். பொரிகடலையை மடியில் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முதுகைக் காட்டாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவலைக் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பிசைந்து தந்தார்கள். நான் இரண்டாவது கை வாங்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது.

கருங்கல் வளைவுக்குள் நுழைந்து வந்தவர் விடியலில் பார்த்த அதே தொப்பிக்காரர்; டெல்லி அதிகாரி அவர்தான். மனைவியும் குழந்தைகளும் காரிலேயே இருந்தார்கள். என் கையிலிருந்த இலை நழுவியது.

பிள்ளை ஓடிப்போய்க் கைகூப்பினார். பூஜையை விளக்கினார். சாமான்களை நாளைக் காலை வரை எடுக்க முடியாது என்று மன்றாடினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முரட்டு ஆள் இல்லை. "உங்கள் வழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் நாளைக்கு நான் மதுரையில் இருப்பேன். இந்தப் பக்கம் மறுபடி எப்போது அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று கேட்டால் கேட்டது என்று எழுதுவேன். கேட்காவிட்டால் அதைத்தான் எழுத முடியும்" என்றார்.

பிள்ளை அதைத் தமிழில் சொன்னபோது பந்தலில் பொரி கொறிக்கும் சத்தம் நின்றது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் மதிய ஒலிபரப்பு முடிய அதிக நேரம் இல்லை; அது முடிந்தால் மாலை வரை கேட்க எதுவும் இருக்காது.

முதலில் பேசியவள் செண்பகம். "டீச்சர், நீங்க எடுங்க. ஒங்களுக்குத் தோஷம் கெடையாதுல்லா."

"எனக்குத் தோஷமில்ல. ஒங்களுக்கு வருத்தம் வராதா?"

"கூலி இல்லேன்னாதான் எங்களுக்கு வருத்தம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஞானசெல்வம் கை கழுவிவிட்டு வந்து, படத்துக்கு முன் மண்டியிட்டார். இலையிலிருந்து கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் கொடுத்தார். திடீரென்று அவர் கை நின்றது.

"ஏட்டி, சோதனைக் கல்லு எங்க?"

அதிகாரிக்காகப் பல நாளாகப் பொறுக்கி, பஞ்சு டப்பாவில் தனியே வைத்திருந்த கற்கள் அவை. டப்பா இலையில் திறந்து கிடந்தது, காலியாக. கற்கள் படத்தின் பாதத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கெட்டியாகச் சந்தனம். சந்தனத்துக்கு மேல் எண்ணெயில் குழைத்த குங்குமம்.

இளையவள் ஒருத்தி சொன்னாள்: "நல்லதத்தானே டீச்சர் சாமிக்கு முன்னால வைக்கணும்?"

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டவும் முடியாது, அவள் சொன்னது சரி. விரல் பட்டாலே ஊமையாகும் கல்லில், கூடத்திலேயே மிக நல்ல கற்களில், மிக நல்ல மனதோடு சந்தனம் பூசியிருந்தாள்.

பிள்ளை ஸ்பிரிட்டால் துடைத்தார். ஒன்றில் கம்பியை வைத்து ஞானசெல்வம் தேடினார். இல்லை. இன்னொன்று. இல்லை. பொடிப் பொடிப் பள்ளங்களில் எல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக் கோலத்தைப் பார்த்தார்.

பிள்ளை என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டார். "சார்... அந்த டப்பா கையில இருக்கா?"

இருந்தது. சட்டைப் பையில்தான் இருந்தது. என் கை தானாக அங்கே போனது. சீமைக் கல்லும் ஈயக்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதிகாரிக்குத் தெரியப்போவதில்லை.

ஞானசெல்வம் பார்த்துவிட்டார். "அது கப்பல்ல வந்த கல்லு சார். அது கேட்டா நாம கேட்டதா ஆகுமா?" என்றார் தாழ்ந்த குரலில்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். பிள்ளை தரையைப் பார்த்தார்.

"சார், உடைச்சா?" என்றார் ஞானசெல்வம்.

"உடைச்சா உள்ள புது முகம் இருக்கும், எண்ணெய் தொடாத முகம். எனக்குத் தெரியாதா?" என்றார் பிள்ளை. "சின்னக் கல்லெல்லாம் பொடிஞ்சு போவும். பெருசு அந்த ஒண்ணுதான்." நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, தேவியின் காலடியில், எல்லாவற்றையும் விட அதிகச் சந்தனத்தோடு இருந்தது. அவர் சுத்தியலை எடுத்தார். எடுத்த கையை இறக்க முடியவில்லை. "பூஜையில இருக்கத எப்படி அம்மா உடைக்க?" என்று கீழே வைத்துவிட்டார்.

எல்லோரும் ஞானசெல்வத்தைப் பார்த்தார்கள். அவர் மறுத்துத் தலையசைத்தார். "எடுத்துத் தந்தேன், சரி. உடைக்கத நான் உடைக்கப்பிடாது. நான் உடைச்சா நாளைக்கு ஊருல அது வேற பேச்சாயிரும்."

அப்போது செண்பகம் எழுந்து வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"என்னத்துக்கு இப்பம் எல்லாரும் செத்த வீடு மாதி இருக்கிய? சாமிக்கு முன்னால தேங்கா உடைக்க மாட்டமா? அதும் சாமிக்கு வச்சதுதான். உடைச்சாத்தானே பூஜையே முடியும்?"

யாரும் பதில் சொல்லுமுன் அவள் கட்டியை வாழையிலைத் துண்டோடு எடுத்தாள். தேங்காயைச் சுற்றுவது போலப் படத்துக்கு முன் சுற்றினாள். கண்ணை மூடித் திறந்தாள். அம்மிக் கல்லில் வைத்து ஒரே போடு.

நான் பல விபத்துகளைப் பார்த்து எழுதியவன். அந்தச் சத்தம் என்னை உலுக்கியது போல வேறெதுவும் உலுக்கியதில்லை. ஒரு பாதி மாவாகப் போயிற்று. மறு பாதி பிளந்து கிடந்தது. வெளியே சந்தனம், உள்ளே கண்ணாடி போல வெள்ளி மினுக்கம்.

ஞானசெல்வம் அதை இடுக்கியால் எடுத்துக் கருவியில் பொருத்தினார். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, கம்பி முனையைப் புது முகத்தில் நகர்த்தினார். துணியில் அடுத்த கண்ணியைத் தேடும் ஊசி அப்படித்தான் நகரும். நகர்த்தினார். நிறுத்தினார். திரும்பவும் நகர்த்தினார். கை நின்றது. அவர் காதுக் கருவியைக் கழற்றி அதிகாரியிடம் நீட்டினார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார். அவர் முகம் மெல்ல மாறியது. "ஒரு பெண் பேசுகிறாள்!" என்றார் சத்தமாக, காதில் கருவி இருப்பவர்கள் பேசுவது போல. "தெளிவாகப் பேசுகிறாள். என்ன சொல்கிறாள்?"

பிள்ளை வாங்கிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மலையாளத்துல ஏதோ குடும்ப நிகழ்ச்சி. அரிசித் தட்டுப்பாடு இருக்கதுனால எல்லாரும் மரச்சீனி சாப்பிடணும்னு சொல்லுதா."

செண்பகம் கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. "இதச் சொல்லதுக்கா சாமிக் கல்ல உடைச்சோம்? கூடத்துல காயப்போட்டிருக்கத வந்து பாக்கச் சொல்லுங்க அவள!"

பந்தல் வெடித்துச் சிரித்தது. அதிகாரிக்குப் புரியவில்லை, அவரும் சிரித்தார். காதுக் கருவியில் வைத்திருந்த குங்குமம் அவருடைய இரண்டு காதிலும் வட்டமாக ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அவர் காதுகள் சிவக்க உட்கார்ந்து, குரல் கேட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவல் வாங்கிச் சாப்பிட்டார். இளையவள் அழுதுகொண்டே அவருக்கு இன்னொரு பிடி வைத்தாள்.

அதிகாரி நாகர்கோவில் வரை காரில் வரச் சொல்லி என்னை அழைத்தார். அவர் மனைவி காதைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். அவர் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்கள் பத்திரிகைக்காரர். ஒன்று காட்டுகிறேன்" என்றார். பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். பஞ்சில், சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக, மூன்று கம்பிக் கால்களோடு ஒரு தகரக் குமிழ்.

"வெளிநாட்டில் கொடுத்தார்கள். இதற்குள்ளும் ஒரு கல்தான் இருக்கிறது. ஆனால் வெறுமனே கேட்காது. மெல்லிய குரலைப் பெரிதாக்கியும் தரும். ரேடியோவில் எரிகிறதே கண்ணாடி வால்வு, அதன் வேலையை இது செய்யும். சில ஆண்டுகளில் அந்தப் பெண்கள் செய்யும் கல்லை யாரும் வாங்கமாட்டார்கள்."

நான் கேட்டேன்: "தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா?"

"என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். கேட்கிறதா, இல்லையா. கேட்டது." தீப்பெட்டியை மூடினார். "இந்தத் தவணை தீரும்வரை அவர்கள் பிழைப்பார்கள். அடுத்ததை நான் எழுத முடியாது."

"அவர்களிடம் சொன்னீர்களா?"

"எப்படிச் சொல்வது? இன்றைக்கா?"

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கினேன். விடுதிக்குப் போகவில்லை. வந்த வழியே நடந்து திரும்பினேன். பந்தலில் இலைகளை எடுத்துக் கழுவிவிட்டு, பெண்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். செண்பகமும் ஞானசெல்வமும் மட்டும் படத்தின் முன்னால் கருவிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூஜை மறுநாள் காலை வரை இருக்கிறதே! உடைந்த பாதிக் கல்லும் அதே பாதத்தில் இருந்தது.

பார்த்ததைச் சொன்னேன். மூன்று கால், தகரக் குமிழ், அதிகாரி சொன்ன வார்த்தைகள், ஒன்றையும் குறைக்கவில்லை.

செண்பகம்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்பம் அந்த ஆளு கண்ண மூடிக்கிட்டா கையெழுத்துப் போட்டான்? சவத்துப் பய, ரெண்டு பிடி அவல் தின்னான்." பிறகு அம்மிக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு பெருசுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் ஞானசெல்வம்.

நகத்தைக் காட்டினேன்.

"அந்த அளவுக்குள்ள கல்லு வச்சு, கம்பி வச்சு, மூடணும். அத மிஷினா செய்யுது?"

"தெரியவில்லை. ஆட்கள்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்."

"எப்படிப்பட்ட ஆளு?" என்றார். தன் விரல்களை ஒருமுறை பார்த்தார். "ஒங்க ஊருல கப்பல் நிறைய வருமே. அது கடைக்கு வந்தா ஒண்ணு வாங்கி அனுப்பணும் சார்."

"கேட்டுப் பார்க்கவா?"

"இல்ல," என்றார். "உடைச்சுப் பாக்க."

செண்பகம் தலையை நிமிர்த்தினாள்.

திரும்பும்போது ஆரல்வாய்மொழியில் யாரும் என் பையைத் திறக்கவில்லை. ராஜ்யத்துக்கு வெளியே போகிறவனிடம் அரிசி இருந்தால் அவர்களுக்கு என்ன? கொழும்புக்கு வந்ததும் முதல் வேலையாகப் புறக்கோட்டைக்குப் போனேன். சீமைக் கல் விற்ற கடைக்காரரிடம் மூன்று கால் குமிழைப் பற்றிக் கேட்டேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். அவர், "கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், விலை உயர்ந்த பொருளாக இருக்கும்" என்றார்.

அதைச் சுத்தியலால் உடைக்கப் போகிறோம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.